உயிர்ச்சான்று

நவம்பர் மழையில் கெடிலம் பழுப்பாகிவிட்டது.
மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
உயிரோடு இருப்பதைக் காட்ட நிற்கிறோம்
பதினோரு பேர்.
யாரும் சொல்லாமலே ஒரு கை இடைவெளி.

சவரிநாதன் சுபேதார், ஆகவே அவருக்கு நாற்காலி.
சியாச்சினில் விட்டுவந்த இரண்டு கால்விரல்கள்
மழைநாளில் அவருக்கு அரிக்கும்.
செருப்பில் ஆளில்லாத இடத்தைச் சொறிந்துகொள்கிறார்.
கலியபெருமாள் கார்கில் போனவன். கேட்டால்
அங்கே தின்ற டின் அன்னாசியைப் பற்றி மட்டும் பேசுவான்.
பக்கிரிசாமிக்குப் பதினேழு வருடமும் சமையல்கூடம்.
"நான் சுட்டதெல்லாம் சப்பாத்திதாம்பா" என்கிறான்.
போன நவம்பரிலும் இதற்குத்தான் சிரித்தோம்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.
எண்பத்தேழில் எங்கே இருந்தேன் என்று
எல்லோருக்கும் தெரியும்.

"கட்டைவிரல் வைங்க அய்யா."
கண்ணாடிக்கு அடியில் சிவப்பு வெளிச்சம்.
"பதியலை. தொடச்சிட்டு வைங்க."
வேட்டியில் துடைத்து வைக்கிறேன்.
"பதியலையே."
மோட்டார் காயில் சுற்றிச் சுற்றித் தேய்ந்த ரேகை, என்ன செய்ய.

அந்தக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.
முதுகில் வயர்லெஸ் பெட்டி.
அதோடு என் நாக்கையும் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.
உரும்பிராய்ப் பக்கம் ஒரு ஒழுங்கை,
இரண்டு பக்கமும் பனையோலை வேலி.
கிணற்றடியில் ஒருத்தி, கையில் பாதி ஏறிய வாளி.
கேப்டன் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்:
"உம் புள்ள எங்கம்மா?"

அதுவரை துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள்
என்னைப் பார்த்தாள்.
"எவ்விடம் தம்பி?"
பதில் சொல்லக் கூடாது.
கடலூர் என்றேன்.

"நீர் இஞ்ச நிக்கிறது
உம்மட அம்மாவுக்குத் தெரியுமோ?"

க்யா போலி, என்றார் கேப்டன்.
குச் நஹி, சாப்.

வாளியை அவள் திரும்பக் கிணற்றுக்குள் விட்டாள்.
தண்ணீரில் அது விழுந்த சத்தம்
பெட்டியில் யாரோ கூப்பிட்டதில் அமுங்கிப்போனது.
அதற்குப் பிறகு நடந்ததை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியாது.
முகவரியில் எண்தான், ஊர் கிடையாது.
பஞ்சாபில் குளிர் அதிகம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
சீட்டுப் பணத்தில் ஒரு கம்பளி வாங்கி அனுப்பினாள்.
பலாலி முகாமில் பார்சலைப் பிரித்தபோது
எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.
ஊருக்கு வந்தபின் கேட்டாள், கம்பளி தாங்குச்சாடா?
தாங்குச்சு என்றேன்.
சாகும்வரை அவளுக்கு நான் பஞ்சாபில் இருந்தவன்.

பென்ஷன் தளத்தின் பெயர் ஸ்பர்ஷ்.
தொடுதல் என்று அந்தப் பெண்ணுக்கு நான்தான் அர்த்தம் சொன்னேன்.
"நல்ல பேருதான்" என்று சிரித்துவிட்டு
என் மோதிர விரலைப் பிடித்து அழுத்துகிறாள்.
திரையைப் பார்த்தபடியே கேட்கிறாள்,
"அம்மா இருக்காங்களா அய்யா?"

"அம்மாவுக்குத் தெரியாது."

விரலை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.
"வீட்டம்மாவைக் கேட்டேங்கய்யா. குடும்ப பென்ஷனுக்கு."
பின்னால் பக்கிரிசாமி சிரித்தான்.
பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

பச்சை விழுந்தது.
அடுத்த நவம்பர் வரை இருக்கிறேன்.

படியில் சவரிநாதனை இறக்கினோம்,
இரண்டு பக்கமும் ஆள், கைக்குக் கை கோத்து,
அடிபட்டவரை இறக்குகிற அதே முறையில்.
"எனக்கு ஒண்ணும் ஆகலைடா, விடுங்கடா" என்று
கடைசிப் படிவரை திட்டிக்கொண்டே வந்தார்.

டீக்கடையில் பக்கிரிசாமி மறுபடி சப்பாத்திக்குப் போகும் முன்
நான் சொன்னேன்:
அங்க ஒரு ஒழுங்கை இருந்துச்சு.

"ஒழுங்கைன்னா?" என்றான் கலியபெருமாள்.

சந்து, என்றேன்.
தகரக் கூரையில் மழை வலுத்தது.
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
அவன் பெஞ்சில் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.